காலத்தை அளந்த குமாஸ்தா

சுவிட்சர்லாந்து நாட்டின் தலைநகரம் பெர்ன். அந்த ஊரின் பழைய வீதிகளில் ஒன்று கிராம்காசே. வீதியின் ஒரு கோடியில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு கட்டியது. மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் அதில் உள்ள பொம்மைகள் ஆடும். பொம்மைச் சேவல் கூவும். ஊருக்கே நேரம் சொன்ன கடிகாரம் அது.

அந்த வீதியில் 49-ம் எண் வீட்டின் இரண்டாவது மாடியில், 1903-ம் ஆண்டு ஓர் இளம் தம்பதி குடியேறினார்கள். கணவருக்கு வயது 24. அரசாங்க ஆபீசில் மூன்றாந்தர உத்தியோகம். சொற்ப சம்பளம். கையில் பிடில், வாயில் சுருட்டு, தலையில் கலைந்த முடி. பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படியான ஆள் அல்ல.

மணிக்கூண்டு ஊருக்கெல்லாம் ஒரே நேரம் சொல்லிற்று. அதன் அருகே குடியிருந்த அந்தக் குமாஸ்தாவோ, உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம் என்று ஒன்று கிடையாது என்று கண்டு பிடித்தார்!

வேகமாகப் போகிறவனுக்குக் காலம் மெதுவாக நகரும். வாலிபனாக விண்வெளிக்குப் புறப்பட்டவன் வாலிபனாகவே திரும்பி வரலாம். வீட்டில் இருந்த தம்பி அதற்குள் பல் விழுந்த கிழவனாகி இருப்பான். தேவர்களுக்கு ஒரு நாள் என்பது மனிதர்களுக்கு ஓர் ஆண்டு என்று கதை கேட்டு இருக்கிறோம். இது கதை அல்ல, கணக்கு.

அந்தக் குமாஸ்தாவின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். உலகம் போற்றிய விஞ்ஞானி. ஆனால், கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி, உலகைச் சுற்றி வந்து, அவர் சொன்னது சரிதானா என்று மனிதன் பார்த்தபோது, அவர் கண் மூடி 16 ஆண்டுகள் ஆகி இருந்தன.

காந்த ஊசி

ஐன்ஸ்டீன் 1879-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஹெர்மன். தாயார் பாலின். யூதக் குடும்பம். அடுத்த ஆண்டே குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஹெர்மன், தம்பி யாக்கோபுடன் சேர்ந்து மின்சாரக் கருவிகள் செய்யும் கம்பெனி நடத்தினார்.

ஆல்பர்ட்டுக்கு 4 அல்லது 5 வயது இருக்கும். உடம்பு சரி இல்லாமல் படுத்து இருந்த பிள்ளைக்கு, தகப்பனார் ஒரு திசை காட்டும் கருவியைக் கொடுத்தார். எப்படித் திருப்பினாலும் அதன் ஊசி ஒரே பக்கம் பார்த்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. பிடித்து நிறுத்தும் கை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அதை நிறுத்துவது எது? அன்று சிறுவனைப் பிடித்த வியப்பு, கிழவரான பிறகும் அவரை விடவில்லை.

ஐன்ஸ்டீன் கணக்கில் மந்தமாக இருந்தார் என்று ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. அது உண்மை அல்ல. கணக்கில் அவர் சிறு வயதிலேயே புலி. நெட்டுருப் போடச் சொல்வதும், பட்டாளம் போல் நடத்துவதும்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

1894-ம் ஆண்டு தகப்பனாரின் கம்பெனி நொடித்துப் போனது. பெற்றோர் பிழைப்புத் தேடி இத்தாலிக்குப் போனார்கள். படிப்பை முடிப்பதற்காக மகனை மியூனிக்கில் விட்டுச் சென்றார்கள். தனிமையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அவரை வாட்டின. அந்த ஆண்டு முடிவதற்குள் பள்ளியை விட்டுப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்து விட்டார்.

மறு ஆண்டு சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரப் பொறியியல் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதினார். மற்ற மாணவர்களை விட 2 வயது குறைவு. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நல்ல மார்க்கு. மற்றப் பாடங்கள் காலை வாரி விட்டன. ஆராவ் என்ற ஊரில் ஓர் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்து விட்டு வரும்படி சொன்னார்கள்.

ஒளியைத் துரத்தினால்?

ஆராவ் பள்ளி வேறு மாதிரி. அங்கே கேள்வி கேட்கலாம். அங்குதான் 16 வயது ஆல்பர்ட்டுக்கு ஒரு விசித்திரமான கேள்வி பிறந்தது.

இரண்டு ரெயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒன்றில் இருப்பவருக்கு மற்றது நிற்பது போலத் தோன்றும். சரி, ஒளிக்குப் பக்கத்தில், ஒளியின் வேகத்திலேயே நாம் ஓடினால்? ஒளி நிற்பது போல் தோன்றுமா?

ஒளி என்பது மின்சாரமும் காந்தமும் சேர்ந்த அலை என்று மாக்ஸ்வெல் என்ற மேதை கணக்குப் போட்டுக் காட்டி இருந்தார். அந்தக் கணக்கில், ஓடாமல் நிற்கும் ஒளிக்கு இடமே இல்லை. அப்படி ஒன்றை யாரும் பார்த்ததும் இல்லை.

ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அமெரிக்காவில் மைக்கல்சன், மார்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1887-ம் ஆண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பூமி ஓடும் திசையில் ஒளியின் வேகம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எறிகிற பந்துக்கு ரெயிலின் வேகமும் சேரும். ஒளிக்கு மட்டும் சேரவில்லை. ஏன்? பெரிய பெரிய பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். ஆல்பர்ட்டின் கேள்வியும் பதில் இல்லாமல் 10 ஆண்டுகள் அவர் மனத்தில் கிடந்தது.

வேலை தேடி அலைந்தார்

1900-ம் ஆண்டு ஐன்ஸ்டீன் சூரிச் கல்லூரியில் பட்டம் பெற்றார். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாதவர். மார்செல் கிராஸ்மன் என்ற நண்பர் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்தே பரீட்சையில் தேறினார். பேராசிரியர்களுக்கு அவர் மீது பிரியம் இல்லை. கல்லூரியில் வேலை கிடைக்கவில்லை. ஊர் ஊராக விண்ணப்பம் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. தற்காலிக உபாத்தியாயர் வேலை, டியூஷன் என்று 2 ஆண்டுகள் அல்லாடினார்.

கடைசியில் கை கொடுத்தவரும் அந்த கிராஸ்மன்தான். அவருடைய தகப்பனார் சிபாரிசு செய்தார். பெர்ன் நகரில் உள்ள பேடண்ட் ஆபீசில் வேலை கிடைத்தது. புதிதாக யந்திரம் கண்டு பிடித்தவர்கள், அதைப் பிறர் களவாடாதபடி உரிமை கேட்டு மனுப் போடும் இடம் அது. கண்டு பிடிப்பு புதியதுதானா, வேலை செய்யுமா என்று மனுவை ஆராய்ந்து சொல்ல வேண்டும். 1902-ம் ஆண்டு ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கு 3,500 பிராங்க் சம்பளம்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் தகப்பனார் காலமானார். மகன் பெரிய ஆளாவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1903 ஜனவரியில், கல்லூரித் தோழி மிலேவாவை ஐன்ஸ்டீன் மணந்தார். மறு ஆண்டு மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் பிறந்தான்.

பகலில் ஆபீஸ். மாலையில் நண்பர்களுடன் விவாதம். இரவில் தொட்டிலை ஆட்டிக் கொண்டே கணக்கு.

நண்பருடன் ஒரு நாள்

ஐன்ஸ்டீனின் அருமை நண்பர் மிஷல் பெஸ்ஸோ. அவரும் 1904-ம் ஆண்டு அதே ஆபீசில் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நடந்து வீடு திரும்புவார்கள். வழியெல்லாம் பேச்சு.

1905-ம் ஆண்டு மே மாதம் ஒரு நாள், ஐன்ஸ்டீன் தம்மை வாட்டிய கேள்வியை பெஸ்ஸோவிடம் கொட்டினார். இருவரும் அதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தார்கள். விடை கிடைக்கவில்லை. இனி முடியாது என்ற மனநிலையில்தான் ஐன்ஸ்டீன் விடை பெற்றார். ஆனால் அதன் பிறகு பொறி தட்டியது. மறு நாள் பெஸ்ஸோவைப் பார்த்ததும், முகமன் கூடச் சொல்லாமல், புதிர் விடுபட்டு விட்டதாக அறிவித்து நன்றி சொன்னார்.

அவர் கண்ட விடை என்ன? தவறு ஒளியில் இல்லை. காலத்தைப் பற்றி நாம் நினைத்து இருந்ததில் இருக்கிறது. அதுதான் விடை.

ஓடும் ரெயில் பெட்டி ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். பெட்டியின் நடுவே ஒரு விளக்கை ஏற்றுகிறார்கள். ஒளி முன் கதவுக்கும் பின் கதவுக்கும் பாய்கிறது. உள்ளே இருப்பவருக்கு இரண்டு கதவும் சம தூரம். இரண்டிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் விழுந்தது என்பார்.

பிளாட்பாரத்தில் நிற்பவர் என்ன சொல்வார்? பின் கதவு ஒளியை எதிர்கொண்டு வருகிறது. முன் கதவு ஒளியை விட்டு ஓடுகிறது. ஒளியின் வேகமோ மாறாது. ஆகவே பின் கதவில் முதலில் விழுந்தது என்பார்.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி. ஒரே நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்று அல்ல!

கொத்தனாரின் கணக்கு

இதில் இருந்து பிறந்ததுதான் காலம் நீளும் அதிசயம். பயப்பட வேண்டாம். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் கணக்குத் தெரிந்தால் போதும். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்தால், குறுக்கே 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. அவ்வளவுதான்.

இப்போது அந்த ரெயிலின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. நடுவே ஒளி மேலும் கீழும் போய் வருகிறது. அதுவே நம் கடிகாரம். ஒரு தரம் மேலே ஏறினால் ஒரு டிக்.

கூரையின் உயரம் 4 பங்கு என்று வைத்துக் கொள்வோம். ரெயிலில் இருப்பவருக்கு ஒளி நேராக ஏறுகிறது. 4 பங்கு தூரம். 4 பங்கு நேரம்.

பிளாட்பாரத்தில் இருப்பவருக்கோ, ஒளி ஏறுவதற்குள் ரெயில் முன்னே நகர்ந்து விடுகிறது. ரெயில் 3 பங்கு நகர்ந்தது என்றால், ஒளி சாய்வாக 5 பங்கு தூரம் ஓடி இருக்கும். ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றே. ஆகையால் 5 பங்கு தூரத்துக்கு 5 பங்கு நேரம்.

ரெயிலில் 4 வினாடி. வெளியே 5 வினாடி. ஓடும் கடிகாரம் மெதுவாகி விட்டது!

கடிகாரம் கெட்டு விட்டது என்று பொருள் அல்ல. ரெயிலில் உள்ள எல்லாமே அந்த அளவுக்கு மெதுவாகின்றன. நாடித் துடிப்பு, பசி, நரை, எல்லாமே. அதனால் உள்ளே இருப்பவருக்கு எந்த மாறுதலும் தெரியாது.

இந்தக் கணக்கில் ரெயிலின் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 60 பங்கு. நூற்றுக்கு 80 ஆனால், உள்ளே 3 வினாடிக்கு வெளியே 5 வினாடி. நூற்றுக்கு 99 ஆனால், உள்ளே ஒரு வினாடிக்கு வெளியே 7 வினாடி. நம்முடைய நிஜ ரெயில்களின் வேகத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது. கைக் கடிகாரத்துக்கும் தெரியாது. அதனால்தான் அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

பெஸ்ஸோவைச் சந்தித்த ஐந்தாறு வாரத்தில் கட்டுரை தயார். 1905 ஜூன் மாதம் ஜெர்மனியின் பெளதிகப் பத்திரிகை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டுரையில் வேறு நூல்களின் பட்டியல் எதுவும் இல்லை. கடைசியில் ஒரே ஒருவருக்கு நன்றி. அவர் மிஷல் பெஸ்ஸோ.

அண்ணனும் தம்பியும்

உலகம் உடனே மாலை போட்டு விடவில்லை. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் என்ற பெரும் விஞ்ஞானி கட்டுரையின் அருமையை உணர்ந்தார். ஆனால் பெர்ன் பல்கலைக்கழகம், சொற்பொழிவு நடத்த அனுமதி கேட்ட ஐன்ஸ்டீனின் முதல் மனுவை 1907-ம் ஆண்டு ஏற்கவில்லை. மறு ஆண்டுதான் அனுமதி கிடைத்தது.

அதே 1908-ம் ஆண்டு, சூரிச்சில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மின்கோவ்ஸ்கி, இடமும் காலமும் வேறு வேறு அல்ல, இரண்டும் பின்னிய ஒரே நெசவு என்று விளக்கினார். மாணவரைச் சோம்பேறி என்று நினைத்து இருந்த ஆசிரியர் அவர்!

1911-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லாஞ்செவின், இத்தாலியில் ஒரு மாநாட்டில், ஒரு மனிதனை ஏறத்தாழ ஒளி வேகத்தில் வானத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று விவரித்தார். அதில் இருந்து வளர்ந்ததுதான் இரட்டைப் பிள்ளைகள் புதிர்.

இரட்டையர் இருவருக்கும் வயது 25. அண்ணன் விண்கப்பலில் ஏறுகிறான். தம்பி ஊரில் இருக்கிறான். நாம் அபிஜித் என்று சொல்லும் நட்சத்திரம், ஒளியே போய்ச் சேர 25 ஆண்டு ஆகும் தூரத்தில் இருக்கிறது. ஒளி வேகத்தில் நூற்றுக்கு 99 பங்கு வேகத்தில் அண்ணன் அங்கே போய்த் திரும்புகிறான். ஊரில் 50 ஆண்டுகளுக்கு மேல் ஓடி விட்டன. தம்பிக்கு வயது 75 தாண்டி விட்டது. கப்பலில் கழிந்ததோ 7 ஆண்டுகள்தான். அண்ணனுக்கு வயது 32!

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. கப்பலில் இருப்பவனுக்குப் பூமிதானே ஓடுவது போல் தோன்றும்? அப்படியானால் தம்பிதானே இளமையாக இருக்க வேண்டும்?

இல்லை. இருவரும் சமம் அல்ல. தம்பி நடுவில் எதுவும் செய்யவில்லை. அண்ணனோ நட்சத்திரத்துக்கு அருகில் கப்பலைத் திருப்பினான். போன பாதையை விட்டு வேறு பாதைக்கு மாறியவன் அவன் ஒருவனே. ஊரில் இருந்து ஊருக்கு இரண்டு சாலை இருந்தால் தூரம் வேறு வேறாக இருப்பது போல, பிரிவுக்கும் சந்திப்புக்கும் இடையே அவரவர் கடந்த காலமும் வேறு வேறு.

கூரையில் இருந்து விழுந்தவன்

1907-ம் ஆண்டு ஐன்ஸ்டீன் இன்னும் பேடண்ட் ஆபீசில்தான் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இருந்தபோது இன்னோர் எண்ணம் உதித்தது. கூரையில் இருந்து விழுபவனுக்கு, விழும் நேரத்தில் தன் எடை தெரியாது. இதைப் பிடித்துக் கொண்டு 8 ஆண்டுகள் உழைத்தார். பூமியின் இழுப்பும் காலத்தை மாற்றும் என்று கண்டார். தரைக்கு அருகே கடிகாரம் மெதுவாக ஓடும். உயரே போகப் போக வேகமாக ஓடும்.

1915 நவம்பரில் அந்தத் தத்துவம் முழு வடிவம் பெற்றது. அப்போது அவர் பெர்லின் நகரப் பேராசிரியர். முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. வீட்டிலும் போர்தான். 1914-லேயே மிலேவா இரண்டு மகன்களையும் அழைத்துக் கொண்டு சூரிச் போய் விட்டார்.

1919-ம் ஆண்டு அவர்கள் விவாகரத்துச் செய்தார்கள். அதில் ஒரு விநோதமான நிபந்தனை. ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு கிடைத்தால், அந்தப் பணம் மிலேவாவுக்கும் பிள்ளைகளுக்கும். பரிசு அப்போது கிடைத்து இருக்கவில்லை!

அதே 1919-ம் ஆண்டு மே மாதம் 29-ந்தேதி பூரண சூரிய கிரகணம். சூரியனுக்கு அருகே வரும் நட்சத்திர ஒளி வளையும் என்று ஐன்ஸ்டீன் சொல்லி இருந்தார். எடிங்டன் முதலிய இங்கிலாந்து விஞ்ஞானிகள் படம் எடுத்துப் பார்த்தார்கள். வளைந்து இருந்தது. நவம்பரில் செய்தி வெளியானதும் ஐன்ஸ்டீன் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார்.

பரிசு இதற்கு அல்ல

1922 அக்டோபரில் அவர் தம் இரண்டாவது மனைவி எல்சாவுடன் ஜப்பானுக்குக் கப்பலில் புறப்பட்டார். வழியில் கொழும்பில் இறங்கினார். மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறிச் சென்றபோது, இந்தக் கொடுமையில் தாமும் பங்கு கொள்கிறோமே என்று வெட்கப்பட்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அந்தப் பயணத்தின்போதுதான் நோபல் பரிசுச் செய்தி வந்தது. 1921-ம் ஆண்டுக்கு உரிய பரிசு. ஆனால் காலத்தைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு அல்ல! ஒளி பட்டால் உலோகத்தில் இருந்து மின் துகள் வெளிப்படும் விதியைக் கண்டதற்கு. சார்பு நிலைத் தத்துவத்தைக் கணக்கில் எடுத்துக் கொள்ளவில்லை என்று கடிதத்திலேயே தெரிவித்து விட்டார்கள். காரணம், அது இன்னும் பலருக்கு நம்பிக்கை தராத விஷயமாக இருந்தது.

ஐன்ஸ்டீன் சண்டை போடவில்லை. 1923 ஜூலையில் சுவீடனுக்குப் போய்ப் பரிசுச் சொற்பொழிவு ஆற்றினார். எதைப் பற்றி? சார்பு நிலைத் தத்துவத்தைப் பற்றித்தான்! பேசிய வாக்குப்படி பரிசுப் பணம் மிலேவாவுக்குப் போயிற்று.

சாட்சி சொன்ன துகள்

1933-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான ஐன்ஸ்டீன் அங்கே திரும்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். மனநோயில் விழுந்த இளைய மகன் எட்வர்டு சூரிச்சில் தங்கி விட்டான். தகப்பனும் மகனும் அதன் பிறகு சந்திக்கவே இல்லை. 1936-ல் எல்சா காலமானார்.

அந்தச் சோக காலத்தில்தான் சாட்சிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வேகமாக ஓடும் அணுக்கள் உமிழும் ஒளியை ஆராய்ந்தால் காலம் மெதுவாவது தெரியும் என்று ஐன்ஸ்டீன் 1907-லேயே யோசனை சொல்லி இருந்தார். 31 ஆண்டுகள் கழித்து, 1938-ல், ஐவ்ஸ், ஸ்டில்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். கணக்கு அப்படியே பொருந்தியது. இதில் வேடிக்கை என்ன என்றால், ஐவ்ஸ் ஐன்ஸ்டீனின் தத்துவத்தை ஏற்காதவர்!

அடுத்த சாட்சி வானத்தில் இருந்து வந்தது. மேல் வானத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. ஒரு வினாடியை 10 லட்சம் கூறு போட்டால், அதில் இரண்டு கூறுக்குச் சற்று அதிகமே அவற்றின் சராசரி ஆயுள். ஒளி வேகத்தில் ஓடினாலும் முக்கால் கிலோமீட்டருக்குள் ஆயுள் முடிந்து விட வேண்டும். ஆனால் பல கிலோமீட்டர் கடந்து அவை தரைக்கு வந்து சேருகின்றன. எப்படி? அவற்றின் வேகத்தால் அவற்றின் காலம் நமக்கு நீண்டு தெரிகிறது. ரோசி, ஹால் என்பவர்கள் அமெரிக்க மலைப் பகுதியில் உயர்ந்த இடம் ஒன்றிலும் தாழ்ந்த இடம் ஒன்றிலும் எண்ணிப் பார்த்து, 1941-ல் இதை மெய்ப்பித்தார்கள்.

கடைசி நாட்கள்

1955-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி பெஸ்ஸோ காலமானார். ஐன்ஸ்டீன் அவர் குடும்பத்துக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். நண்பர் தமக்குக் கொஞ்சம் முந்திப் போய் விட்டார்; பெளதிகம் அறிந்தவர்களுக்கு அது பெரிது அல்ல; நேற்று, இன்று, நாளை என்ற பிரிவே ஒரு மயக்கம்தான் என்ற கருத்தில் எழுதினார். 50 ஆண்டுகளுக்கு முன்பு பெர்ன் வீதியில் எந்தக் காலத்தைப் பற்றி இருவரும் பேசினார்களோ, அந்தக் காலமே அவருக்கு ஆறுதலாக வந்தது.

அடுத்த மாதமே ஐன்ஸ்டீனின் வயிற்றில் உள்ள பெரிய ரத்தக் குழாய் வெடித்தது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள் டாக்டர்கள். வேண்டாம் என்று மறுத்து விட்டார். ஆயுளைச் செயற்கையாக நீட்டுவதில் அவருக்கு இஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரியிலும் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி வேலை செய்தார். ஏப்ரல் 18-ந்தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 76. கல்லறை வேண்டாம் என்பது அவர் விருப்பம். அன்றே உடல் தகனம் ஆயிற்று.

விமானம் ஏறிய கடிகாரங்கள்

1971 அக்டோபரில் ஹாபெலே, கீட்டிங் என்ற அமெரிக்கர்கள், துல்லியமான 4 அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றினார்கள். கடிகாரங்களுக்கும் டிக்கெட் வாங்கினார்கள்! கிழக்கு நோக்கி ஒரு தரமும், மேற்கு நோக்கி ஒரு தரமும் உலகைச் சுற்றினார்கள். ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கை ஒரு புள்ளி என்று கொண்டால், கிழக்கே போன கடிகாரங்கள் 59 புள்ளி பின்தங்கின. மேற்கே போனவை 273 புள்ளி முந்தின. வேகத்தையும் உயரத்தையும் சேர்த்துப் போட்ட ஐன்ஸ்டீன் கணக்குக்கு இது பொருந்தி வந்தது.

அவருடைய 1905 கட்டுரையில் ஒரு சறுக்கலும் உண்டு. பூமத்திய ரேகையில் வைத்த கடிகாரம், துருவத்தில் வைத்ததை விட மெதுவாக ஓடும் என்று எழுதி இருந்தார். பூமி சுழலும் வேகத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் பூமி நடுவில் புடைத்து இருப்பதால், அங்கே கடிகாரம் உயரத்தில் இருப்பது போல ஆகிறது. கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகி, கடல் மட்டத்தில் எல்லாக் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன. அந்தச் சறுக்கலைத் திருத்தியதும் அவர் பின்னர் கண்ட தத்துவமே.

இன்று கைத் தொலைபேசியில் வழி பார்க்கிறோம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் நமக்கு வழி சொல்கின்றன. ஒரு வினாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கை அளவாகக் கொண்டால், வேகத்தால் அவை நாளுக்கு 7 பங்கு பிந்தும். உயரத்தால் 45 பங்கு முந்தும். மிச்சம் 38 பங்கு. அந்த இம்மி நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் ஓடி விடும். இதைத் திருத்தாவிட்டால் நம் வீட்டு வாசல் அடுத்த ஊரில் இருப்பதாகக் காட்டும்!

நிஜ இரட்டையரும் பிரிந்து பார்த்து விட்டார்கள். ஸ்காட் கெல்லி என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 2015, 2016-ம் ஆண்டுகளில் தொடர்ந்து 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார். திரும்பியபோது ஸ்காட் இளமையாக இருந்தார். எவ்வளவு? ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

அபிஜித் நட்சத்திரத்துக்குப் போய் வரும் அண்ணன் எப்போது பிறப்பான்? அதற்குத் தடை காலம் அல்ல, சக்தி. ஒரே ஒரு கிலோ எடையை ஒளி வேகத்தில் நூற்றுக்கு 99 பங்குக்குத் தள்ள, ஏறக்குறைய 15,200 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். மனிதன் அனுப்பியவற்றில் மிக வேகமானது, 2024 டிசம்பரில் சூரியனுக்கு மிக அருகே பாய்ந்த பார்க்கர் விண்கலம். வினாடிக்கு 192 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

வேலை கிடைக்காமல் அலைந்த வாலிபர் ஒருவர், சோதனைச் சாலை இல்லாமல், பேனாவும் தாளும் கொண்டு இவ்வளவையும் சொன்னார். பரிசு கொடுத்தவர்கள் கூட அதை நம்பத் தயங்கினார்கள். அவர் வாதாடவில்லை. கடிகாரங்கள் சாட்சி சொன்னபோது, கேட்க அவர் இல்லை.

பெர்ன் நகர மணிக்கூண்டு இன்றும் மணி தவறாமல் அடிக்கிறது. அருகே 49-ம் எண் வீட்டின் இரண்டாவது மாடி இப்போது காட்சிக்கூடம். உலகத்தின் எந்த மூலையில் இருந்து வந்தவரும், கையில் உள்ள தொலைபேசியில் வழி பார்த்துக் கொண்டு அந்த வீட்டைக் கண்டு பிடித்து விடுகிறார்கள். வழி காட்டுவது, அந்த வீட்டில் குடியிருந்தவர் போட்ட கணக்கு.